பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப்: டியூனிங் சாமானில் எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

(வண்டிக்காரர்கள் எழுதிக்கொண்ட கேள்வி பதில் இது. எழுதியவரை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறது.)

கண்டனூர் | 2025 ஏப்ரல் 6

வண்டி மகேந்திரா பெட்ரோல் ஜீப், பின்னாடி பிக்கப் தொட்டி கட்டினது. ஹரிக்கேன் 134 இன்ஜின், 2199 சிசி, நாலு சிலிண்டர். டீசலுக்கு மாத்தல. 6 வோல்ட்டா இருந்ததை முன்னாடி ஓட்டினவுக 12 வோல்ட்டா மாத்தியிருக்காக, நெகட்டிவ் எர்த் (பேட்டரி மைனஸ் பாடியில சேந்திருக்கு). ஆத்தங்குடியில டைல் ஏத்திக்கிட்டு மேடு ஏறினா மிஸ்ஸிங் அடிக்குது (இடையிடையே சிலிண்டர் எரியாம வெட்டுது). வெறும் வண்டியா ஓட்டினா தெரியல. உச்சி வெயில்ல ஐடிலிங்ல நின்னுருது, கொஞ்ச நேரம் ஆறப்போட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது.

பட்டறையில சொல்றாக: பிளக், சிபி பாயிண்ட் (காயில் கரண்டை வெட்டி வெட்டி விடுறது), கண்டென்சர், டெல்கோ (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி, அதுக்குள்ள சுத்துற ரோட்டார், ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏத்துற காயில், பிளக் ஒயர், ஏழையும் ஒட்டுக்கா மாத்திரணுமாம். எந்தக் கம்பெனி சாமான் வாங்கலாம்? காரைக்குடியிலயே கிடைக்குமா, மதுரை போகணுமா?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 6, இரவு

ஏழையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் தம்பி. இந்த இன்ஜினுக்கு இன்று கிடைக்கும் புதுச் சாமான் எல்லாம் நம்பக்கூடியது இல்லை. கண்டென்சரும் ரோட்டாரும் பெட்டியைப் பிரிக்கும்போதே பழுதாக இருப்பது உண்டு. ஏழையும் மாற்றிய பிறகும் மிஸ்ஸிங் போகாவிட்டால், கோளாறு பழையதா, புதுச் சாமான் கொண்டுவந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? கழற்றிய பழையதை இதற்குள் பட்டறைக் கூடையில் போட்டிருப்பார்கள்.

கம்பெனி பெயரைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஃபில்லர் கேஜ் (சின்ன இடைவெளி அளக்கும் தகடு), ஒரு 12 வோல்ட் பல்பு எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை வைத்து அளந்து எழுதுங்கள்:

காயிலின் இரண்டு சின்ன டெர்மினலுக்கும் இடையே எத்தனை ஓம், ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு. பிளக்கின் மரைப் பகுதி எத்தனை மில்லிமீட்டர் நீளம். பாயிண்ட் முகம் என்ன நிறம். டெல்கோ ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா. டெல்கோ உடம்பில் என்ன பெயர் அடித்திருக்கிறது, ஆட்டோலைட்டா, லூகாஸா.

தேவகோட்டை | ஏப்ரல் 7

இதுக்கும் முன்னாடி கம்ப்ரெஷன் பாக்கணும்ணே. வால்வு சீட்டு போன இன்ஜினுக்கு பிளக் வாங்கிப் போட்டு என்ன பிரயோஜனம்?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 7

தேவகோட்டை சொல்வது சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். நல்ல 134 இன்ஜின் சதுர இஞ்சுக்கு 120 பவுண்டை ஒட்டிக் காட்டும். நாலுக்கும் இடையே 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டேப்பெட்டில் (வால்வு இடைவெளியில்) இருந்து தொடங்குங்கள்.

இந்த இன்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி வேறு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.018 இஞ்ச், எக்ஸாஸ்ட் 0.016 இஞ்ச். மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே உள்ள பக்க மூடியைத் திறக்காமல் விடுவது நிறையப் பட்டறைகளில் நடக்கிறது. எக்ஸாஸ்ட் இறுகிப் போனாலும் லோடில் மிஸ்ஸிங் வரலாம். உங்கள் வண்டி சொல்லும் குறியும் அதுதான். அதனால் இதைத் தாண்டி இக்னிஷனுக்குப் போகாதீர்கள்.

கண்டனூர் | ஏப்ரல் 9

கம்ப்ரெஷன் 118, 115, 120, 116. டேப்பெட் ரெண்டு எக்ஸாஸ்ட்ல இறுக்கமா இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. மிஸ்ஸிங் இன்னும் போகல.

காயில் 1.6 ஓம் காட்டுது. மேல எழுதியிருந்தது அழிஞ்சு போச்சு. பிளக் மரை 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. பாயிண்ட் முகம் நீலமா, கருகின மாதிரி. ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் மேடு. ஷாஃப்ட் லேசா ஆடுது. டெல்கோல ஆட்டோலைட்னு இருக்கு.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 9, இரவு

இனி கடைக்குப் போகலாம். இரண்டு தப்பு இப்போதே தெரிகிறது.

முதல் தப்பு காயில். 12 வோல்ட் காயிலில் இரண்டு வகை இருக்கிறது. 3 ஓம் சுற்று உள்ளது நேரடியாக 12 வோல்ட்டில் வேலை செய்யும். 1.5 ஓம் சுற்று உள்ளது வெளியே ஒரு பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியது. 6 வோல்ட் காயிலும் இதே 1.5 ஓம் அருகில்தான் காட்டும். அதனால் உங்கள் காயில் பழைய 6 வோல்ட்டாகவும் இருக்கலாம், பாலாஸ்ட் இல்லாமல் மாட்டிய 12 வோல்ட்டாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் கேடு ஒன்றே. பாயிண்ட் மூடியிருக்கும்போது 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். பாயிண்ட் நெடுநேரம் தாங்குவது 4 ஆம்பியர் அளவுதான். பாயிண்ட் நீலமாகக் கருகியதும், காயில் சூடேறி வெயிலில் வண்டி நிற்பதும் இந்த ஒரே காரணத்தால் வரக்கூடியவை.

காயில் இருந்து ஸ்விட்ச் வரை ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். நடுவில் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று இருந்தால் அதுதான் பாலாஸ்ட். இல்லையென்றால் 3 ஓம் காயில் வாங்குங்கள். "ஜீப் காயில்" என்று கேட்காமல் "பாலாஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயில், பாயிண்ட் டெல்கோவுக்கு" என்று கேளுங்கள். கவுண்டரிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள்: பிரைமரி 3 ஓம் சுற்றி, செகண்டரி 6,000 முதல் 12,000 ஓமுக்குள். அளக்க விடாத கடையில் மின்சாரச் சாமான் வாங்க வேண்டாம். மாருதி எலக்ட்ரானிக் டெல்கோவுக்கு வரும் காயில்களில் ஓம் குறைவானவை நிறைய உண்டு. உருவம் ஒரே மாதிரி இருக்கிறது என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது தப்பு பிளக். அதை நாளை எழுதுகிறேன், கொஞ்சம் விளக்கம் தேவைப்படும்.

புதுவயல் | ஏப்ரல் 10

பாயிண்டே வேணாம்ணே, எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டுட்டா இந்த வம்பே கிடையாது. ரைஸ்மில் வண்டி ஒண்ணு அப்படித்தான் ஓடுது.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 10

மாட்யூல் பற்றிப் பிறகு எழுதுகிறேன். 1.6 ஓம் காயிலை வைத்துக்கொண்டு மாட்யூல் போட்டால் மாட்யூல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

பிளக். இந்த இன்ஜினுக்கு 14 மி.மீ. மரை, மரை நீளம் 3/8 இஞ்ச், அதாவது 9.5 மி.மீ. சாம்பியன் ஜே8 புத்தகத்தில் உள்ள எண். இப்போது மாட்டியிருப்பது 12.7 மி.மீ. குடும்பம். மரை பிடிக்கும், வண்டியும் ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 3 மி.மீ. மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மரை முனை சூடேறிச் சிவந்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கும், லோடில் தட்டல் சத்தம் கேட்கும். நீட்டிய மரையில் கார்பன் பிடித்துவிட்டால் கழற்றும்போது ஹெட்டின் மரையையும் உரித்துக்கொண்டு வரும். கழற்றும் முன் மரை ஓரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கால் சுற்று அவிழ்த்து அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, இப்படியே மெதுவாக வெளியே கொண்டுவாருங்கள்.

மரை நீளம் 19 மி.மீ. உள்ள அம்பாசடர் பிளக்கை மட்டும் யாரும் கை தவறியும் மாட்டிவிடாதீர்கள். வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கும்.

சூட்டு எண் (பிளக் முனை எவ்வளவு சூட்டைத் தக்கவைக்கும் என்பது) கவனம். சாம்பியனில் எண் ஏற ஏறச் சூடான பிளக், பாஷிலும் அப்படியே. என்ஜிகேயில் தலைகீழ், எண் குறையக் குறையத்தான் சூடான பிளக். "எட்டாம் நம்பர் குடு" என்று கேட்டு மூன்று கம்பெனியில் மூன்று பெட்டி வாங்கினால் மூன்றும் வேறு வேறு குணம். மாற்று எண் தேடினால் முதலில் மரை நீளம், அடுத்து வாஷர் உட்காரும் வகையா என்பது, கடைசியில் சூடு.

இடைவெளி 0.030 இஞ்ச், 0.76 மி.மீ. நடுக் கம்பியை நெம்பாதீர்கள், ஓரக் கம்பியை மட்டும் வளையுங்கள். புது வாஷர் என்றால் கையால் முட்டும் வரை முடுக்கிப் பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். பழைய வாஷர் என்றால் ஒரு சின்ன இழுப்பு போதும். பாக்ஸ் ஸ்பேனர் 20.8.

தேவகோட்டை | ஏப்ரல் 10

கண்டென்சர் கிடைக்கலன்னா ஃபேன் கண்டென்சர் கட்டி ஊர் வந்து சேரலாம்னு சொல்றாகளே, அது சரியா?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 11

கூடாது. சீலிங் ஃபேன் கண்டென்சர் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். நமக்கு வேண்டியது 0.18 முதல் 0.25 வரை. பத்து மடங்கு பெரிசு. பாயிண்ட் திறந்த உடனே காயிலின் மின்னோட்டம் சட்டென்று விழ வேண்டும், அந்த வேகத்தில்தான் ஹைடென்ஷன் (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்) பிறக்கிறது. கண்டென்சர் பெரிதானால் விழும் வேகம் குறையும், ஸ்பார்க் மெலியும். சிறிதானால் பாயிண்டில் பொறி பறந்து முகம் கருகும். குழியும் மேடும் விழுவதும் கண்டென்சர் அளவு பொருந்தவில்லை என்பதற்கு ஒரு குறி. கண்டனூர் தம்பியின் பாயிண்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

மீட்டரில் மைக்ரோஃபாரட் வசதி இருந்தால் அளந்து வாங்குங்கள். ஆனால் மீட்டர் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். பல கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது 0.22 என்று அழகாகக் காட்டிவிட்டு, சூட்டில் உள்ளே கசியும். அதனால்தான் "ஓடும், சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்" என்ற கதை. டெல்கோ உள்ளே இருக்கும் கண்டென்சரை வெளியே காயில் கிளாம்ப் ஸ்க்ரூவில் கொண்டுவந்து மாட்டலாம். ஒயர் குட்டையாக இருக்கட்டும், எர்த் சுத்தமாக இருக்கட்டும். இன்ஜின் சூடு குறையும், வழியில் மாற்றுவதும் ஒரு ஸ்க்ரூ வேலை.

ஓடிக் காட்டிய பழைய கண்டென்சர் ஒன்றைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வையுங்கள். பெட்டி பிரிக்காத புதுசைவிட அதற்குத்தான் மதிப்பு.

பள்ளத்தூர் | ஏப்ரல் 12

பாயிண்ட் இடைவெளி 16 தவுசண்ட் (0.016 இஞ்ச்) வச்சாப் போதும்ல? எங்க ஊர்ல எல்லா வண்டிக்கும் அதான் வைக்கிறாக.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 12

அது அம்பாசடரில் இருந்து வந்த பழக்கம். பாயிண்ட் இடைவெளி இன்ஜினைச் சேர்ந்தது இல்லை, டெல்கோவைச் சேர்ந்தது. ஷாஃப்ட்டில் இருந்து பாயிண்டைத் திறக்கும் கேம் மேட்டின் வடிவத்தைப் பொறுத்தது. ஆட்டோலைட் டெல்கோவுக்கு 0.020 இஞ்ச், ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 42 டிகிரி. அதே இன்ஜினில் யாராவது லூகாஸ் 25டி வகை டெல்கோவை மாட்டியிருந்தால் 0.014 முதல் 0.016, ட்வெல் 60 டிகிரி. அதனால்தான் உடம்பில் அடித்த பெயரை முதல் நாளே கேட்டேன். பாயிண்ட் வாங்கும்போதும் வண்டிப் பெயர் சொல்லாமல், டெல்கோவின் பெயரையும் அதில் அடித்த எண்ணையும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய பாயிண்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிவட் துளை, ஸ்பிரிங் நீளம், உராயும் கட்டையின் உயரம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஆட்டோலைட்டில் 16 வைத்தால் என்ன ஆகும்? பாயிண்ட் அதிக நேரம் மூடியிருக்கும், காயில் இன்னும் சூடாகும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். லோடில் இழுவை போகும்.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 12, சற்றுப் பின்

விட்டுப்போன ஒன்று, இதுதான் முக்கியம். ஷாஃப்ட் லேசாக ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாயிண்ட் வாங்கும் முன் அந்த ஆட்டத்தை அளக்க வேண்டும். கேமில் நாலு மேடு. கிராங்க்கைக் கையால் சுற்றி, ஒவ்வொரு மேட்டிலும் உராயும் கட்டை உச்சியில் நிற்கும்போது ஃபில்லர் கேஜ் விட்டு எழுதுங்கள். நாலும் 20, 20, 19, 20 என்று வந்தால் கவலை இல்லை. 20, 17, 22, 18 என்று வந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த டெல்கோவுக்கு எந்தக் கம்பெனி பாயிண்ட் போட்டாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் வேறு வேறாகத்தான் இருக்கும். ட்வெல் மீட்டர் முள் ஒரு இடத்தில் நிற்காது.

புஷ் போடுவது காரைக்குடியிலேயே முடியும், நல்ல லேத்துக்காரர் போதும். எண்ணெய் உறிஞ்சும் வெண்கல புஷ் என்றால் இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் ஊறவைத்துத்தான் அடிக்க வேண்டும். அடித்த பிறகு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதை ஷாஃப்ட் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எம்ரி தாள் சுற்றித் தேய்த்துக் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள், துளை முட்டையாகிவிடும்.

டெல்கோவைத் தூக்கும்போது பயம் வேண்டாம். அடியில் இருக்கும் நாக்கு நடுவில் இல்லாமல் ஓரமாக வெட்டியது, ஆயில் பம்ப் ஷாஃப்ட்டின் பள்ளத்தில் ஒரே ஒரு வாக்கில்தான் உட்காரும். ஆனால் ஆயில் பம்பைக் கழற்றினால் மட்டும் டைமிங் போய்விடும். அதைத் தொட வேண்டாம் என்று பட்டறையில் சொல்லி வையுங்கள்.

கண்டனூர் | ஏப்ரல் 15

20, 18, 21, 18. பாலாஸ்ட் கட்டை எங்கயும் இல்ல, காயில்ல இருந்து ஒயர் நேரா ஸ்விட்சுக்குப் போகுது.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 15

அப்படியென்றால் வாங்கும் வரிசை இது: லேத்து வேலை, 3 ஓம் காயில், சரியான நீளத்துப் பிளக் நாலு, பாயிண்ட், கண்டென்சர். மூடி, ரோட்டார், ஒயர் மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இப்போது வாங்க வேண்டாம்.

மூடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு பித்தளைக் காலில் இருந்து இன்னொன்றுக்கோ, ஓரத்துக்கோ பென்சில் கோடு போட்டது போல மெல்லிய கருங்கோடு ஓடினால் அது கார்பன் தடம். தேய்த்தாலும் போகாது, மாற்ற வேண்டும். கோடு இல்லையென்றால் துணியில் துடைத்தால் போதும். பித்தளைக் காலைச் சுரண்டாதீர்கள், இடைவெளி கூடிவிடும். நடுக் கார்பன் ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். புது மூடி வாங்கினால் உள்ளே பித்தளைக் கால் உள்ளதா என்று பாருங்கள். அலுமினியக் கால் சீக்கிரம் வெள்ளையாகப் பூத்துவிடும், அதுவும் நம் மழைக்காலத்தில்.

ரோட்டாரை வைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது வருபவற்றில் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்த ரிவெட் அடிப்பகுதியில் ஷாஃப்ட்டுக்கு மிக அருகில் வந்தால், லோடில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் ரோட்டாரைத் துளைத்து ஷாஃப்ட்டில் இறங்கும். வெறும் வண்டியில் தெரியாது, மேட்டில்தான் தெரியும். ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கில் தாவ அதிக வோல்ட் வேண்டியிருக்கிறது, எளிதான வழி எது கிடைத்தாலும் அதில் போய்விடும். சோதிக்க வழி: மூடியைக் கழற்றி, ரோட்டாரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலின் நடு ஒயர் முனையை ரோட்டார் தகட்டுக்குக் கால் இஞ்ச் மேலே பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். தகட்டுக்கு ஸ்பார்க் தாவிக்கொண்டே இருந்தால் ரோட்டார் ஓட்டை. தாவாவிட்டால் நல்லது. ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள், ரப்பர் கைப்பிடி உள்ள குறடு வையுங்கள். கார்புரேட்டர் ஓரத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

ஒயர்: பாயிண்ட் டெல்கோவுக்குச் செம்புக் கம்பி உள்ள 7 மி.மீ. ஒயர் போதும், மீட்டரில் சுழியை ஒட்டிக் காட்டும். கார்பன் நூல் ஒயர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஓம் இருப்பது இயல்பு. முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. இருட்டின பிறகு பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், ஒயரில் நீலமாக மினுங்கினால் அந்த ஒயர் போய்விட்டது. வேறு சோதனை தேவையில்லை.

தேவகோட்டை | ஏப்ரல் 16

டெல்கோ உள்ள இருக்கிற சின்ன எர்த் ஒயரை யாரும் சொல்லலயே. பாயிண்ட் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல துணி சுத்தின பின்னல் ஒயர் ஒண்ணு போகும். அது உள்ளுக்குள்ள அறுந்து, துணி மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பாக்க முழுசாத் தெரியும்.

கானாடுகாத்தான் | ஏப்ரல் 16

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். அதைச் சோதிக்க: பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷன் ஆன் செய்து, டெல்கோவின் வெளி டெர்மினலுக்கும் பேட்டரி எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2க்கு மேல் வரக்கூடாது. வந்தால் பாயிண்ட் முகம், பின்னல் ஒயர், இன்ஜின் எர்த், இந்த மூன்றில் ஒன்று. நம் செம்மண் தூசி டெல்கோ உடம்பும் பிளாக்கும் சேரும் இடத்தில் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகப் பிடித்துக்கொள்ளும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

பொன்னமராவதி | ஏப்ரல் 18

காயில்ல பிளஸ் மைனஸ் போடாம எஸ்டபிள்யூ, சிபின்னு இருந்தா எப்படி மாட்டுறது?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 18

அது பாசிட்டிவ் எர்த் காலத்து லூகாஸ் காயில். பாசிட்டிவ் எர்த் வண்டியில் எஸ்டபிள்யூ ஸ்விட்சுக்கு, சிபி டெல்கோவுக்கு. நெகட்டிவ் எர்த்தாக மாற்றிய வண்டியில் மாற்றி மாட்ட வேண்டும்: சிபி ஸ்விட்சுக்கு, எஸ்டபிள்யூ டெல்கோவுக்கு. தலைகீழாக இருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் தாவ அதிக வோல்ட் கேட்கும். பிளக்கின் நடுக் கம்பி சூடான பக்கம், எலெக்ட்ரான் அங்கிருந்து கிளம்புவது எளிது. அதனால் நடுக் கம்பி நெகட்டிவாக இருக்க வேண்டும். 6 வோல்ட்டை 12 ஆக மாற்றிய வண்டி எல்லாவற்றிலும் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டனூர் | ஏப்ரல் 27

புஷ் போட்டாச்சு, நாலு மேடும் 20. காயில் 3.1 ஓம் அளந்து வாங்கினேன். பிளக்குக்கு மதுரையில ரெண்டு கடை ஏறி இறங்கியும் 9.5 நீளம் இல்ல, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல இருந்து வந்துச்சு. ரோட்டார் நீங்க சொன்ன மாதிரி சோதிச்சா ஸ்பார்க் சடசடன்னு தாவுது. அது ஓட்டை. மூடி நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு. டைமிங் எப்படி வைக்கிறது?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 27, இரவு

பாயிண்டை மாட்டும்போது முகத்தில் பூசிய எண்ணெய்ப் படலத்தை ஸ்பிரிட் தொட்ட வெள்ளை அட்டையால் துடைத்துவிடுங்கள். எம்ரி வேண்டாம், அதன் மணல் முகத்தில் பதிந்துகொண்டு மறுபடி கருக்கும். கேமில் தீக்குச்சித் தலையளவு கிரீஸ், அதற்கு மேல் போட்டால் பாயிண்டில் தெறிக்கும். ரோட்டாருக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு ஆயில். இடைவெளியை முதலில் வையுங்கள், டைமிங்கை அதன் பிறகு. வரிசை மாறினால் இரண்டும் கெடும். ட்வெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஒரு டிகிரி மாறும்.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. ரோட்டார் மேலே இருந்து பார்த்தால் இடச்சுற்றாகச் சுற்றும். மூடியில் ஒயர் மாட்டுவதும் அதே திசையில்.

முதல் சிலிண்டர் பிளக் துளையில் விரலை வைத்துக் கிராங்க்கைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது மெதுவாக்கி, பிஸ்டன் உச்சிக்கு முன் 5 டிகிரி குறிக்குக் கொண்டுவாருங்கள். பழைய இன்ஜினில் குறி ஃப்ளைவீலில் இருக்கும், பெல் ஹவுசிங்கின் வலப்பக்கம் உள்ள சின்ன மூடியைத் தள்ளினால் தெரியும். பிந்தையவற்றில் முன்புறம் டைமிங் கவரில், கிராங்க் புல்லி ஓரத்தில். பல்பின் ஒரு முனை டெல்கோ டெர்மினலில், மறுமுனை எர்த்தில். இக்னிஷன் ஆன். கிளாம்ப்பைத் தளர்த்தி டெல்கோ உடம்பை இடச்சுற்றாகத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு வலச்சுற்றாக மிக மெதுவாகத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்தி முடுக்குங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்காதீர்கள், பாயிண்ட் மூடியபடி நின்றால் காயில் வெந்துவிடும்.

பள்ளத்தூர் | ஏப்ரல் 28

5 டிகிரிங்கிறது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு வச்சது. இப்ப ஆக்டேன் கூட. கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணலாம்ல (ஸ்பார்க்கை முன்னாடி வைக்கலாம்ல)?

கானாடுகாத்தான் | ஏப்ரல் 28

பண்ணலாம், 7 அல்லது 8 வரை. இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 7ஐச் சுற்றித்தான், இன்றைய பெட்ரோலில் தட்டல் எளிதில் வராது. ஆனால் முதலில் 5இல் ஓட்டி, மிஸ்ஸிங் போய்விட்டது என்று உறுதியான பிறகு மட்டும். லோடு ஏற்றி டாப் கியரில் மெதுவாக இருந்து மிதிக்கும்போது தட்டல் கேட்டால் திரும்ப இறக்குங்கள்.

பெட்ரோல் பேச்சு வந்ததால்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7க்கு 1, இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5க்கு 1. கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் இறங்கும் சின்னத் துளை) அதே அளவுதான் இறங்கும் என்பதால் கலவை மெலிந்து ஓடும். பிளக் முனை வெள்ளையாக வந்தால் பிளக்கைக் குறை சொல்லாமல் ஜெட்டைப் பாருங்கள். பெட்ரோல் பம்ப்பின் ரப்பர் டயாஃப்ரமும் பழைய ஹோஸும் இதில் கெடும். எத்தனால் தாங்கும் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

கண்டனூர் | மே 4

ஆத்தங்குடி லோடு ரெண்டு தடவை வந்தாச்சு, மேட்டுல மிஸ்ஸிங் இல்ல. வெயில்ல மட்டும் ஒரு தடவை நின்னுச்சு. காயிலைத் தொட்டா கை வைக்க முடியுது, முன்ன மாதிரி கொதிக்கல.

கானாடுகாத்தான் | மே 4

நின்ற உடனே, ஆறவிடாமல், நடு ஒயரை மூடியில் இருந்து எடுத்துப் பிளாக்குக்குக் கால் இஞ்ச் தள்ளிக் குறட்டில் பிடித்து ஸ்டார்ட்டர் அடித்துப் பாருங்கள். நீலமாகச் சத்தத்தோடு தாவினால் இக்னிஷன் சுத்தம், பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கிறது. பைப் எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் போகும் இடத்தைத் தள்ளிக் கட்டுங்கள். மஞ்சளாக மெலிந்து தாவினால் கண்டென்சரை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் தொடாமல்.

கண்டனூர் | மே 11

நீலமாத்தான் தாவுச்சு. பைப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசிக்கிட்டுப் போயிருக்கு. தள்ளிக் கட்டியாச்சு, அதுக்கப்புறம் நிக்கல.

புதுவயல் | மே 12

மாட்யூல் பத்தி எழுதுறேன்னீகளே.

கானாடுகாத்தான் | மே 13

எழுதுகிறேன். பாயிண்டுக்குப் பதிலாகக் காந்தத்தை உணர்ந்து காயில் மின்னோட்டத்தை வெட்டும் ஹால் சென்சார் மாட்யூல் நல்ல பொருள். பாயிண்ட் தேய்மானம் இல்லை, டைமிங் நகராது. ஆனால் நாலு நிபந்தனை. மாட்யூலோடு வரும் தாளில் சொன்ன ஓமுக்குக் குறையாத காயில். எர்த் நெகட்டிவா பாசிட்டிவா என்பது வாங்கும் முன்பே உறுதி, தலைகீழாகக் கொடுத்தால் நொடியில் போய்விடும். செம்புக் கம்பி ஒயரை எடுத்துவிட்டுக் கார்பன் ஒயர், இல்லையென்றால் ஒயரின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் ஆனில் விடக் கூடாது. கழற்றிய பாயிண்டும் கண்டென்சரும் அந்தத் தட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். திருமயம் தாண்டி ராத்திரியில் மாட்யூல் போனால் யாராலும் பழுது பார்க்க முடியாது. பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரும் தீப்பெட்டி அட்டையும் வைத்தே ஓட்டிவிடலாம். லோடு வண்டிக்கு என் பரிந்துரை பாயிண்ட்தான்.

பொன்னமராவதி | மே 20

அம்பாசடர் 1489 சிசிக்கும் இதே கணக்குதானாண்ணே?

கானாடுகாத்தான் | மே 20

முறை ஒன்றுதான், எண்கள் வேறு. பிளக் மரை நீளம் 19 மி.மீ., சாம்பியன் என்5, இடைவெளி 0.025. லூகாஸ் டெல்கோ என்பதால் பாயிண்ட் 0.014 முதல் 0.016. ஃபயரிங் ஆர்டர் அதே 1-3-4-2.

கண்டனூர் | அக்டோபர் 26

மழை ஆரம்பிச்சதுல இருந்து காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது. ஸ்டார்ட் ஆயிட்டா குறை இல்ல.

கானாடுகாத்தான் | அக்டோபர் 26

மூடியின் உள்பக்கம் ஈரம் பூக்கிறது. துணியில் துடைத்து அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். மூடி ஓரத்தில் முடி போல விரிசல் இருக்கிறதா, ஒயர் நுழையும் ரப்பர் தொப்பிகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மண் படிந்திருந்தால் அதில்தான் ஈரம் பிடித்து ஸ்பார்க் வழியும், அதையும் துடையுங்கள். அப்படியே பாயிண்ட் இடைவெளியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். புது உராய்வுக் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கும். 18க்கு வந்திருந்தால் 20க்கு வைத்து, பல்பு போட்டு டைமிங்கையும் திரும்பப் பாருங்கள்.